அவர் குடலும் என் குடலும்

1

என் வயிற்றைத் திறந்து பெருங்குடலில் ஒரு சாண் நீளத்தை வெட்டி எடுத்து, போன மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிவிட்டது. எங்கள் கல்யாண நாளை ஒரு தடவைகூட ஞாபகம் வைத்துச் சொல்லாத என் மகள், இதை மட்டும் கைபேசியில் குறித்து வைத்திருந்தாள். காலையில் பல் துலக்கிக்கொண்டே வந்து, "மா, ஒன் இயர் ஆயிடுச்சு. டாக்டர் தெகாதே ஹொபே" என்றாள். டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். தமிழில் ஆரம்பித்து, இங்கிலீஷில் நடந்து, வங்காளத்தில் போய் உட்காருவது அவள் பேச்சு. அவளுக்குக் கல்கத்தா பிறந்த ஊர். எனக்கு இருபத்தாறு வருஷம் ஆகியும் வந்த ஊர்தான்.

வியாதி என்ன என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். பெருங்குடல் புற்றுநோய். ரத்தம் போனதை மூலம் என்று நினைத்துக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, வேறெங்கும் பரவவில்லை. வெட்டினார்கள், தைத்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் ஒரு வருஷம் கழித்து மறுபடியும் உள்ளே காமிரா விட்டுப் பார்க்க வேண்டும், புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று. அதில் என்ன வருமோ என்ற பயம் இந்த ஒரு வருஷமும் என்னோடு படுத்து என்னோடு எழுந்தது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது பயத்தைப் பற்றி இல்லை, பொறாமையைப் பற்றி. எனக்கு என் வீட்டுக்காரர் மேல் பொறாமை. அவர் அழகுக்காக இல்லை; அப்படி ஒன்றும் கிடையாது. அவருடைய குடலைப் பார்த்துப் பொறாமை. ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

2

நான் விருதுநகர்க்காரி. அப்பாவுக்குக் கடைத்தெருவில் பேக்கரி, பக்கத்திலேயே பரோட்டாக் கடை. காலையில் பன்னும் ஜாமும், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கிரீம் பன், ராத்திரிக்கு எண்ணெயில் பொரித்த பரோட்டாவும் சால்னாவும். தாகம் எடுத்தால் தண்ணீர் குடித்த ஞாபகம் எனக்கு இல்லை. பெட்டியில் கலர் பாட்டில் அடுக்கியிருக்கும், எடுத்து உடைத்துக் குடிக்க வேண்டியதுதான். கீரையைக் கண்டால் மூஞ்சியைத் திருப்புவேன். "எம்புள்ள ஏன் மாடு மாதிரி தழையத் திங்கணும்" என்பார் அப்பா. தெருவில் என்னைவிடக் கொடுத்து வைத்த பெண் கிடையாது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

அவர் கமுதிக்குப் பக்கத்துக் கரிசல் காட்டு ஆள். பெயர் முருகேசன். பதினேழு வயதில் ஒரு சொந்தக்காரர் கடையில் வேலைக்கென்று கல்கத்தா வந்து, மூட்டை தூக்கி, பிறகு லேக் மார்க்கெட்டில் தனியாகக் கடை போட்டார். அப்பளம், இட்லி அரிசி, காப்பித்தூள், வாழையிலை, பூஜை சாமான் என்று நம் ஆட்களுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும். கல்கத்தாவில் சொந்தக் கடை என்ற ஒரே காரணத்துக்காக அப்பா என்னைக் கொடுத்தார். வந்த புதிதில் அவரிடம் சின்ன வயதில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டபோது, கம்பங்கூழ், கேப்பைக் களி என்று சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்து வீட்டு போஸ் பௌதியிடம், எங்கள் அப்பா பேக்கரி முதலாளி, இவர் வீட்டில் எல்லாம் கூழ் என்று அரைகுறை வங்காளத்தில் சொல்லி வைத்தேன். பௌதி என்றால் இங்கே அண்ணி. என் வீட்டுக்காரர் கூடவே இருந்து கேட்டுக்கொண்டு சும்மா புன்னகை செய்தார்.

கல்கத்தா வந்த பிறகு தலைகீழாக மாறியது. எனக்குப் பிரசவத்தில் உடம்பு பெருத்துவிட்டது. டாக்டர் பயமுறுத்தினார். அன்றிலிருந்து நான் காலையில் ஏரியைச் சுற்றி நடக்கிறேன், ஓட்ஸ் சாப்பிடுகிறேன், கீரை, சுண்டல், கொய்யா, எண்ணெய் அளந்து ஊற்றிய சமையல். அவரோ கடை திறந்ததும் எதிர்ச்சாரியில் கச்சோரி, மாலையில் தெலேபாஜா என்று இவர்கள் சொல்லும் எண்ணெய்ப் பலகாரம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, குளிர்காலம் முழுக்கப் புது வெல்லத்துச் சந்தேஷ் இனிப்பு. நான் வாயைக் கட்டினேன், அவர் வாயைத் திறந்து வைத்திருந்தார். வியாதி யாருக்கு வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

3

ஒரு வருஷம் முடிந்ததும் டாக்டரிடம் போனோம். சின்னப் பெண். என் மகளைவிடப் பத்து வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். பரிசோதனைக்குத் தேதி எழுதிக்கொண்டே நிமிர்ந்து, "சோட்டோபேலாய் கீ கேத்தேன்?" என்று கேட்டாள். சின்ன வயதில் என்ன சாப்பிடுவீர்கள் என்று. இருபத்தாறு வருஷத்துக்கு முன் நான் அவரிடம் கேட்ட அதே கேள்வி. என் தட்டை இப்போது பார்த்தால் போதாதா, அப்போது என்ன தின்றேன் என்று எதற்கு?

எதற்கு என்று அவளே சொன்னாள். இந்த வியாதி ஒரு ராத்திரியில் வருவதில்லையாம். வருஷக்கணக்கில் உள்ளே மெதுவாக உருவாகிறதாம். அதனால் ஐம்பதில் வருகிற வியாதிக்குப் பதினைந்து வயதுச் சாப்பாட்டையும் விசாரிக்க வேண்டியிருக்கிறதாம். நார்ச்சத்து இல்லாத மாவுப் பண்டம், இனிப்புத் தண்ணீர், பதப்படுத்திய இறைச்சி, இதெல்லாம் இளவயதில் நிறையப் போனால் பிற்காலத்தில் ஆபத்தைக் கூட்டலாம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சந்தேகப்படுகிறார்களாம். "ஆனால் உங்களுக்கு இதனால்தான் வந்தது என்று நானோ யாரோ சொல்ல முடியாது. பரம்பரை இருக்கிறது, உடல் எடை இருக்கிறது, நமக்குத் தெரியாத காரணங்கள் இருக்கின்றன" என்றும் சொன்னாள். அந்த இரண்டாவது பாதி என் காதில் ஏறவே இல்லை.

நான் பேக்கரியைப் பற்றிச் சொன்னேன். பெருமையாகச் சொல்லியே பழகிய விஷயம், அதனால் பாதியில் குரலை மாற்றத் தெரியவில்லை. பன், ஜாம், பரோட்டா, கலர் என்று சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டே போனாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, உங்களுக்கு ஐம்பத்தாறு ஆகிவிட்டது, இந்த வயதில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது என்று அவரையும் பரிசோதனைக்குச் சேர்த்துக்கொண்டாள். அவரிடமும் அதே கேள்வி.

"கம்பு, கேப்பை, சோளம்" என்றார் அவர். "காட்டுல கெடைக்கிற கீரை. கொள்ளு. நெலக்கடலை. பனங்கிழங்கு. அம்மா கூலி வேலைக்குப் போயிரும். எங்க அக்காதான் கூழு காய்ச்சித் தரும்." அவருக்குக் கடைக்கு வேண்டிய வங்காளம்தான் வரும், அதனால் என் மகள் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். பனங்கிழங்கை அவளுக்கே தெரியாது, நான்தான் விளக்கினேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கூப் பாலோ" என்றாள். ரொம்ப நல்லது. பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுக்கும்போது சொல்வார்களே, அந்த மாதிரிச் சொன்னாள். அவர் கூச்சத்தோடு என்னைப் பார்த்தார். என் வயிறு எரிந்தது. தையல் போட்ட இடம் இல்லை, அதற்கு மேலே.

4

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பரிசோதனை என்று மகள்தான் ஏற்பாடு செய்தாள், ஒருநாள் லீவோடு முடியட்டும் என்று. ஆஸ்பத்திரிக் கவுண்டரில் அது பெரிய சிக்கலாகிவிட்டது. இங்கே நோயாளியோடு வருகிறவர்களுக்குப் "பேஷண்ட் பார்ட்டி" என்று பெயர். மயக்க மருந்து கொடுப்பதால் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பார்ட்டி கையெழுத்துப் போட்டுக் கூடவே இருக்க வேண்டும். கவுண்டரில் இருந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "ரெண்டு பேருமே பேஷண்ட் என்றால் பார்ட்டி யார்?" என்றார். மகளைக் காட்டினோம். ஒரு பார்ட்டிக்கு ஒரு பேஷண்ட்தான், கம்ப்யூட்டர் ஏற்காது என்றார். கடைசியில் போஸ் பௌதி என் பார்ட்டியாக வர ஒப்புக்கொண்டார். உறவுமுறை என்ற இடத்தில் அண்ணி என்று எழுதினார்கள். பொய்யில்லை.

அதற்கு முந்தைய நாள்தான் நான் கெடுத்தது. கொலனோஸ்கோப்பிக்கு முன் குடல் காலியாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு பவுடரைக் கரைத்து லிட்டர் லிட்டராகக் குடிக்க வேண்டும், அன்று முழுக்கச் சாப்பாடு கிடையாது, தெளிந்த திரவம் மட்டும்தான். போன வருஷம் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து அவர்களே செய்துவிட்டார்கள். இந்தத் தடவை வீட்டில். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை மகள் ஆபீஸிலிருந்து போனில் வாசித்துச் சொன்னாள்: தண்ணீர், இளநீர், பால் இல்லாத டீ, வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ், தெளிந்த சூப். ஆப்பிள் ஜூஸ் எனக்கு ஆகாது. தெளிந்த சூப்புக்கு நான் எங்கே போவேன்? ஆனால் நம் வீட்டில் காய்ச்சல் வந்தாலும் கழிச்சல் வந்தாலும் பிள்ளை பெற்றாலும் முதலில் வாயில் ஊற்றுவது எது? ரசத் தெளிவு. அதைவிடத் தெளிந்தது உலகத்தில் உண்டா?

புளியைக் கரைத்து, தக்காளியைப் பிசைந்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டு நல்ல ரசமாக வைத்தேன். கலக்காமல் தெளிய விட்டேன். மேலாக மொண்டு டம்ளரில் ஊற்றினேன். அவருக்கும் நீட்டினேன்.

"எனக்கு எளனி போதும்" என்றார்.

"பசிக்கலயா?"

"பசிக்கத்தான் செய்யுது. ஒரு நாளுதான."

பசியிலும் அவருக்குத்தான் முதல் மார்க். சும்மா இருப்பது எப்படி என்று அவர் வயிற்றுக்குத் தெரிந்திருந்தது. என் வயிறு ஐம்பது வருஷத்தில் ஒரு வேளை காத்திருந்ததில்லை. சட்டியில் இருந்த ரசத்தை நானே சாயங்காலத்துக்குள் முழுக்கக் குடித்தேன். வீட்டில் இருப்பது ஒரே கக்கூஸ். அன்று ராத்திரி நாங்கள் ஒருவரையொருவர் விரட்டியடித்த கதையை எழுதினால் நீங்கள் இந்தப் பத்திரிகையை வாங்குவதையே நிறுத்திவிடுவீர்கள்.

மறுநாள் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தால், டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே கடுகு, கறிவேப்பிலைத் துணுக்கு, தக்காளி விதை, தோல். சுவர் முழுக்கச் சிவப்பு. ரத்தமா தக்காளியா என்றே பிரிக்க முடியவில்லையாம். பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால், தெளிவு என்று நாம் மொள்ளும் இடத்தில்தான் தாளித்த கடுகு அத்தனையும் மிதக்கிறது. சிவப்பாக எதையும் குடிக்கக் கூடாது என்று தாளின் கடைசி வரியில் இருந்ததாம், மகள் அதை வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் நான் ரசத்தைச் சிவப்பு என்று ஒருநாளும் நினைத்திருக்க மாட்டேன். ரசம் ரச நிறம்.

"மா, நீ ஸத்யி, நெஜமாவே ரசம் குடிச்சியா?" என்று கேட்டுவிட்டு மகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பௌதியும் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு, மறுபடி தேதி கிடைக்கப் பத்து நாளாகும் என்றார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

5

அவருடைய ரிப்போர்ட் அன்றே வந்துவிட்டது. ஒன்றுமே இல்லை. ஒரு சின்ன முளைகூட இல்லை. டாக்டர் படத்தை எல்லாம் காட்டி, ஐம்பத்தாறு வயதுக் குடல் இவ்வளவு சுத்தமாக இருப்பதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது என்றாள். இளஞ்சிவப்பாக, வழவழவென்று, உள்ளங்கை மாதிரி இருந்தது. நான் கட்டிலில் படுத்தபடி எட்டிப் பார்த்தேன். இருபத்தாறு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவரிடம் எனக்கு இல்லாதது ஒன்று இருக்கிறது என்று அன்றுதான் முதன்முதலாகத் தோன்றியது.

அந்தப் பத்து நாளும் நான் நல்ல மனுஷியாக இல்லை. அவர் சத்தமாகச் சாப்பிட்டால் எரிச்சல், ஏப்பம் விட்டால் எரிச்சல். காலையில் பேப்பரோடு உள்ளே போய் இரண்டே நிமிஷத்தில் திருப்தியாக வெளியே வருவாரே, அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கடைக்குப் போய் உட்கார்ந்தால் அங்கேயும் நிம்மதி இல்லை. கம்பும் கேப்பையும் இப்போது பாக்கெட்டில் வருகின்றன. முன்னெல்லாம் அதை ஒரு மூலையில் போட்டிருப்போம், நம் ஆட்களே முகம் சுளிப்பார்கள். இப்போது கண்ணாடி போட்ட வங்காளிப் பெண்கள் மெட்ரோவில் இறங்கி வந்து கேட்கிறார்கள். எப்படிச் செய்வது என்று அவர் அபிநயத்தோடு விளக்குகிறார், ராத்திரியே ஊற வைக்கணும் மாஷிமா, மோர் ஊத்தணும் மாஷிமா என்று. மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா. நான் கேலி பண்ணின கூழ், என் கடையிலேயே கண்ணுக்கு நேரான அலமாரித் தட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மகளும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டாள். அவள் வளர்ந்ததெல்லாம் முட்டை ரோலும் சௌமீனும் கூல்டிரிங்க்ஸும்தான். தாய்க்கு வந்ததால் அவளும் சற்று முன்கூட்டியே, நாற்பதுக்குள்ளேயே, பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து அவள், "பாபா, நீ சின்னப்புள்ளயா இருக்கும்போது ப்ரேக்ஃபாஸ்ட்டுக்கு என்ன? லஞ்சுக்கு என்ன?" என்று அவரை விடாமல் கேட்டாள். பாபா என்றால் அப்பா. அவளை ஒரு வாய்க் கீரை தின்ன வைக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவர் ஒரு தடவை கேப்பைக் களி கிண்டியதும் உருண்டை உருண்டையாக விழுங்கினாள். என் பேக்கரியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

இதையெல்லாம்விட மோசமான ஒன்றைச் சொல்ல வேண்டும். கமுதியிலிருந்து அவருடைய அக்கா பாக்கியம், என் மதினி, ஒருநாள் விட்டு ஒருநாள் போன் பண்ணினாள். இந்த வீட்டில் ஊருக்குச் சேதி சொல்வது என் வேலை. நல்லதோ கெட்டதோ மதினி என் போனுக்குத்தான் கூப்பிடுவாள். கடை நேரத்தில் தம்பியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அவள் கொள்கை. அவரும், "நீ சொல்லிரு" என்று என்னிடம் விட்டுவிடுவார்.

"தாயி, ரிப்போட்டு வந்துருச்சா?"

"எனக்குத் திரும்ப எடுக்கணுமாம் மதினி."

"ஐயையோ. அவனுக்கு?"

"அதுவும் இன்னும் வரல."

அவர் ரிப்போர்ட் என் தலைமாட்டில் இருந்தது. ஒண்ணும் இல்லை மதினி, சுத்தமா இருக்கு என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. ஆனால் சொன்னால் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வரும், சாமியைக் கும்பிடும் குரல் வரும், அந்தச் சந்தோஷத்தை நான் காதால் கேட்க வேண்டும். என்னால் முடியவில்லை. அடுத்த தடவை கூப்பிட்டபோதும் வரலை என்றேன். அதற்கடுத்த தடவை மதினியின் குரல் ரொம்ப இறங்கியிருந்தது. அப்போதும் அதையேதான் சொன்னேன்.

6

என் இரண்டாவது பரிசோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ராத்திரிச் சாப்பாட்டில் அவர் கேட்டார்.

"அக்காட்ட சொல்லிட்டேல்ல?"

"இல்ல."

"ஏன்?"

"என்னோடதும் வரட்டும். சேத்துச் சொல்லிக்கலாம்."

"அக்கா பயந்துக்கிட்டு கெடக்கும் செல்வி. என்னய நெனச்சி."

எனக்குச் சுருக்கென்றது. பயப்பட வேண்டியவள் நான், அனுதாபம் அவருக்கு. "ஒங்களுக்கு என்னங்க, பயப்பட?" என்றேன். "கம்பும் கேப்பையும் குடிச்சு வளந்த ஒடம்பு. எங்கப்பா எனக்கு மைதாவக் குடுத்தாரு. ஒங்களுக்கு ஒங்க வீட்டுல மருந்தக் குடுத்திருக்காங்க. நீங்க குடுத்து வச்ச ஆளு."

அவர் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தினதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. ஆனால் குரல் மாறியிருந்தது.

"குடுத்து வச்சதா? பசிச்சுக் கெடந்தது குடுத்து வச்சதா?"

நான் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ராசு என்ன குடிச்சான்னு நெனைக்க?" என்றார். ராசு அவருடைய தம்பி. சின்ன வயதிலேயே இறந்துவிட்டான் என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். ஒரு போட்டோகூடக் கிடையாது, அதனால் நான் அவனை ஒரு ஆளாகவே நினைத்ததில்லை. "அக்கா ஒரே சட்டியில காய்ச்சும். எனக்கு ஒரு கும்பா, அவனுக்கு ஒரு கும்பா. அதே கூழத்தான் அவனும் குடிச்சான். நாலு வயசுல கழிச்சல் வந்து ரெண்டே நாள்ல கண்ணு சொருகிருச்சு. அக்காவுக்கு அப்ப பன்னண்டு வயசு இருக்கும். தோள்ல போட்டுக்கிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு நடந்துச்சு. பாதி வழியில தோள்லயே போயிட்டான். மருந்துன்னா அவனுக்கு ஏன் கேக்கல?"

மகள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இது புதுக் கதை. அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்க் கழுவி வைத்தார். அந்த நேரத்துக்கு மேல் ஊருக்குப் போன் பண்ண முடியாது, மதினி பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுவாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் தூங்கவில்லை. என் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். கூழ் குடித்த இரண்டு பேரில் ஒருவனுக்குக் குடல் பளபளவென்று இருக்கிறது, இன்னொருவன் மண்ணுக்குள் இருக்கிறான். பிழைத்தவனை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டிருக்கிறேன். அதைவிட மதினியின் குரல்தான் என்னை உலுக்கியது. தம்பிக்கு வயிற்றில் என்னமோ பார்க்கிறார்கள், முடிவு வரவில்லை, வரவில்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். வயிறு என்றால் அவளுக்கு எந்தத் தம்பி ஞாபகத்துக்கு வந்திருப்பான்?

7

படிக்கிறவர்கள் தவிக்க வேண்டாம், என் ரிப்போர்ட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது தடவை ஒழுங்காக இளநீரும் தண்ணீரும் மட்டும் குடித்துவிட்டுப் போனேன். எனக்கும் ஒன்றும் இல்லை. இனி மூன்று வருஷம் கழித்து வந்தால் போதும் என்றாள் டாக்டர். அவர் வராந்தாவில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை பேஷண்ட் பார்ட்டி அவர்தான், கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அதற்கு முந்தைய நாள் காலை. என் ரிப்போர்ட் என்னவாகும் என்று தெரியாத காலை. அவர் எழுந்ததும் முதல் வேலையாக அக்காவுக்கு அவரே போன் பண்ணுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து நான் முந்திக்கொண்டேன். அந்தச் சேதியை அவர் சொல்லி மதினி கேட்பதைக்கூட என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. என் குணம் அப்படி.

"மதினி, ஒங்க தம்பிக்கு ரிப்போட்டு வந்துருச்சு. ஒண்ணுமே இல்ல. ரொம்ப சுத்தமா இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

நான் எதிர்பார்த்த பெருமூச்சு, சாமி பேர் எதுவும் வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று, மதினி, மதினி என்றேன்.

"இருக்கேன் தாயி" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒனக்கு?" என்று கேட்டாள்.

"எனக்கு நாளைக்குத்தான் தெரியும்."

"ஒனக்கும் ஒண்ணும் இருக்காது. நீ எம்புட்டு வக்கணையா சமைக்கிறவ. அவனுக்கு வயிறு நல்லாருக்குன்னா அது ஒன்னாலதான. இத்தன வருசமா நீதான பொங்கிப் போட்டிருக்க."

டாக்டர் சொன்னது, நான் படித்தது, பத்து நாளாக மனசுக்குள் அரைத்தது எல்லாம் வாய் வரை வந்தது. இளவயதுச் சாப்பாடுதான் காரணம், அதற்கு நான் பொறுப்பில்லை, பெருமை வேறு ஆளுக்குப் போக வேண்டும் என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. எனக்கு இஷ்டமில்லாமலேதான் சொன்னேன்.

"நான் இல்ல மதினி. சின்ன வயசுல நீங்க காய்ச்சிக் குடுத்த கூழுதான் அவருக்குக் குடல நல்லா வச்சிருக்காம். டாக்டரே சொன்னாங்க."

"அதுவா?" என்றாள் மதினி. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அது பசிக்குக் காய்ச்சுனது தாயி. நீ போடுறதுதான் சாப்பாடு."